மருந்துக்கு முன் கோழியைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்றுதான் தொடங்குகின்றன. கோழிக்கு என்ன வயது, எச்சம் என்ன நிறம், காலையில் கழுத்தடியில் உள்ள தீனிப்பை காலியாக இருந்ததா, ஒரே நேரத்தில் எத்தனை கோழிக்கு வந்தது என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. இந்த நாலும் தெரியாமல் மருந்தைப் பற்றிப் பேசவே முடியாது, அதனால் இந்த விவரங்களை எழுதியவர்களின் கேள்விகளையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, ஐந்து வாரக் குஞ்சுகள் வைத்திருக்கிறோம். நேற்றிலிருந்து சில குஞ்சுகள் இறகை உப்பிக்கொண்டு மூலையில் கூடி நிற்கின்றன. எச்சத்தில் ரத்தம் தெரிகிறது, இரண்டு செத்தும் போயின. வெள்ளைக்கழிச்சலாக இருக்கும், உடனே தடுப்பூசி போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வது அநேகமாக ரத்தக்கழிச்சல். மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளைத்தான் இது அதிகம் பிடிக்கும். எய்மீரியா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி குடல் சுவருக்குள் புகுந்து பெருகி அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதால்தான் ரத்தம். நோயுற்ற நேரத்தில் தடுப்பூசி போட்டால் குஞ்சுக்குச் சுமைதான் கூடும், பலன் இராது.

இதற்கு அம்ப்ரோலியம் என்ற மருந்து நன்றாக வேலை செய்யும். தண்ணீரில் 0.012 முதல் 0.024 சதவீதம் கலந்து மூன்றிலிருந்து ஐந்து நாள், அப்புறம் 0.006 சதவீதமாகக் குறைத்து ஒன்றிரண்டு வாரம், இதுதான் வழக்கமான அளவு. ஆனால் பொடியின் வீரியம் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும் என்பதால் லேபிளைப் பார்த்து, முடிந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கலக்குங்கள். அந்த நாட்களில் குஞ்சுகளுக்கு வேறு தண்ணீர் எட்டக் கூடாது. இன்னொன்று, சோர்வாக இருக்கிறதே என்று கூடவே வைட்டமின் டானிக்கையும் கொடுக்கிறார்கள். அம்ப்ரோலியம் அந்த ஒட்டுண்ணிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் செய்துதான் அதை அடக்குகிறது, நீங்கள் அதே பி1-ஐ ஊற்றிக் கொடுத்தால் மருந்து வீணாகிவிடும். டானிக்கை மருந்து முடிந்த பிறகு கொடுங்கள்.

ஆனால் மருந்தைவிட முக்கியம் கீழே கிடக்கும் கூளம். எச்சத்தோடு வெளியே விழும் ஒட்டுண்ணி முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றிவிடும், அதைக் கொத்தித் தின்னும் குஞ்சுக்கு ஒரு வாரத்துக்குள் நோய். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள கூளத்தைக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். கையைத் திறந்த பிறகும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், அங்கேதான் நோய் விளைகிறது. அந்த இடத்தைச் சுரண்டி வெளியே கொட்டிவிட்டுக் காய்ந்த கூளம் போடுங்கள், பாத்திரத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். சாதாரணக் கிருமிநாசினிக்கு இந்த முட்டைகள் சாகாது. உலர்த்துவதும் வெயிலும் வெந்நீரும்தான் அடக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பாகத் தெரிவதெல்லாம் ரத்தம் அல்ல. குடலின் உள்தோல் அவ்வப்போது ஆரஞ்சு நிறத் துணுக்காக உதிரும், அது கொஞ்சமாக வந்தால் கவலை வேண்டாம். குருட்டுக்குடலிலிருந்து (குடலின் கடைப்பகுதியில் உள்ள பை) வரும் களிபோன்ற, நாற்றம் கூடிய பழுப்பு எச்சமும் இயல்பானதே, நாளில் சில முறை வரும். கோழி சுறுசுறுப்பாக மேய்ந்துகொண்டிருந்தால் அதற்கு மருந்து கொடுக்காதீர்கள்.

கேள்வி: சார், பெரிய கோழிகள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. அடுத்தடுத்து சாகின்றன. ஆன்டிபயாடிக் போட்டும் நிற்கவில்லை, வேறு நல்ல மருந்து இருக்கிறதா?

பதில்: இல்லை. இது வெள்ளைக்கழிச்சலின் முழு அடையாளம், வைரஸால் வருவது, வந்தபின் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது, அதற்கு இனி பணம் செலவழிக்காதீர்கள்.

இப்போது உங்கள் கையில் இருப்பது பரவாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான். நன்றாக இருப்பவற்றை முதலில் கவனித்துவிட்டுக் கடைசியாக நோயுற்றவற்றிடம் போங்கள். செருப்பு, உடை, தண்ணீர்ப் பாத்திரம் எல்லாம் தனியாக வையுங்கள். இறந்தவற்றை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். "செத்துப்போவதற்குள் விற்றுவிடலாம்" என்று யாரும் செய்ய வேண்டாம், அடுத்தவர் வீட்டுக் கோழிகளை அழிக்க அது ஒன்றே போதும். பிழைத்த சில கோழிகள் கழுத்து முறுக்கியபடியே இருக்கும். தீனியும் தண்ணீரும் எட்டுகிற மாதிரி வைத்துக் கொடுத்தால் சில தேறிவிடும்.

பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். கொண்டை நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, திடீரென்று பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் எதையும் அறுத்துப் பார்க்காதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள், அரசுக் கால்நடை மருத்துவருக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். இரண்டில் எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

அடுத்த தொகுதிக்குத் தடுப்பூசியை மறக்காதீர்கள். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நான்காவது வாரத்தை ஒட்டி மறு சொட்டு, எட்டு வாரத்தில் ஊசி என்பது பரவலாகப் பின்பற்றும் முறை. மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும், கலக்கியபின் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும். தடுப்பூசி போட்டும் நோய் வந்தது என்று எழுதுகிறவர்கள், மருந்து வந்து சேரும் வரை குளிரில் இருந்ததா என்று ஒரு முறை விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரே ஒரு பெட்டை மட்டும் மந்தமாக நிற்கிறது. கழிச்சல் இல்லை, சளி இல்லை. என்ன என்றே தெரியவில்லை.

பதில்: ஒன்றுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் தொற்று அல்ல, அந்தக் கோழியின் உடம்புக்குள் ஏதோ சிக்கல். அதிகாலையில், தீனி போடுவதற்கு முன், அதைக் கையில் எடுங்கள். முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பை. இரவு முழுக்கச் செரித்து அது காலியாகத் தொங்க வேண்டும். கல் மாதிரி கட்டியாக இருந்தால் நீண்ட புல்லோ நாரோ அடைத்திருக்கிறது, தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே நொதித்திருக்கிறது. கோழியைத் தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைப்பவர்கள் உண்டு, அதைச் செய்யவே செய்யாதீர்கள், வெளியே வருவது மூச்சுக்குழலில் போய்க் கோழி நொடியில் செத்துவிடலாம்.

அப்புறம் மார்பெலும்பு. விரலால் தடவும்போது கத்தி முனை மாதிரி துருத்தினால் கோழி பல நாட்களாகவே இளைத்துக்கொண்டு வந்திருக்கிறது, இறகு மூடியிருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. குடற்புழுவா என்று எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகைப் பிரித்துப் பாருங்கள். வெளிர்மஞ்சள் பூச்சிகள் ஓடினால், இறகடியில் வெள்ளைக் கொத்து ஒட்டியிருந்தால் பேன். அதற்குரிய மருந்தை ஒரு தடவை போட்டு விட்டுவிடாமல், பொரிந்து வருபவற்றுக்காகப் பத்து நாள் கழித்து மறுபடி போட வேண்டும். உடம்பில் ஒன்றுமே இல்லாமல் கொண்டை மட்டும் வெளுத்திருந்தால், இரவில் டார்ச்சோடு போய்க் கோழி அடையும் கம்பின் இடுக்குகளைப் பாருங்கள். சிவப்பு உண்ணி பகலெல்லாம் அங்கே ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும்.

முட்டையிடும் வயதுப் பெட்டை வாலைத் தாழ்த்தி நிமிர்ந்து நின்றுகொண்டு அடிக்கடி முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு நனைய இருபது நிமிடம் உட்காரவைத்து, அமைதியான இருட்டில் விடுங்கள், கால்சியம் கொடுங்கள். அமுக்கி வெளியே தள்ளப் பார்க்காதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் பிழைப்பது கடினம். சில மணி நேரத்தில் வரவில்லை என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிப் படுத்துக்கிடக்கும் இளங்கோழி என்றால் அது மாரெக் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், வருத்தம்தான், அதற்குச் சிகிச்சை இல்லை.

கேள்வி: கொண்டையிலும் கண் ஓரத்திலும் கருப்புப் பொருக்கு. பிய்த்துவிட்டு மருந்து போடலாமா?

பதில்: பிய்க்காதீர்கள். அம்மை இது, கொசு கடித்துப் பரவுவது, பொருக்குக்குள்ளேயே வைரஸ் இருக்கிறது. அயோடின் தடவி, கண்ணைச் சுத்தமாக வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் தானாக உதிரும். வாய்க்குள் மஞ்சள் படலம் கட்டினால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், மூச்சை அடைக்கும். ஒன்றிரண்டு கோழியோடு நோய் நிற்கும்போதே மற்றவற்றுக்கு இறக்கைச் சவ்வில் தடுப்பூசி போட்டுவிடலாம்.

கேள்வி: கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசியது போலத் தடித்திருக்கின்றன.

பதில்: செதிலுக்குக் கீழே வாழும் மிகச்சிறிய பூச்சி. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மென்மையாகத் தேய்த்து, வாசலின் கனமாகப் பூசுங்கள், காற்றில்லாமல் பூச்சி சாகும். வாரம் ஒருமுறை, பல வாரம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், கால் வெந்துவிடும்.

கேள்வி: தும்மல், ஒரு பக்க முகம் வீக்கம், மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் சளி. சந்தையில் புதிதாக வாங்கிவந்த சேவலை விட்ட பிறகுதான் ஆரம்பித்தது.

பதில்: வீக்கமும் நாற்றமும் சேர்ந்து வந்தால் கொரைசா என்ற பாக்டீரியா சளிநோயைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இதற்கு ஆன்டிபயாடிக் பயன்படும், எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். குணமான கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கலாம், ஆகவே அதைப் புதுக் குஞ்சுகளோடு சேர்க்காதீர்கள். கூட்டுக்குள் குனிந்து, கோழியின் உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள், அம்மோனியா வாடையில் கண் எரிந்தால் எந்தச் சளியும் ஆறாது. இனிமேல் வாங்குகிற கோழி எதுவானாலும் ஒரு மாதம் தனிக் கூண்டில் இருக்கட்டும்.

கேள்வி: மருந்து கொடுத்த கோழியின் முட்டையைச் சாப்பிடலாமா?

பதில்: மருந்தின் லேபிளில் முட்டைக்கும் இறைச்சிக்கும் தனித்தனியாகக் காத்திருப்புக் காலம் போட்டிருக்கும். கடைசி வேளை கொடுத்த நாளிலிருந்து எண்ணி, அது முடியும் வரை முட்டையைச் சாப்பிடவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். சில மருந்துகளில் "முட்டையிடும் கோழிகளுக்குத் தரக் கூடாது" என்றே இருக்கும். வாங்கும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள், லேபிள் இல்லாமல் பிரித்துக் கட்டிக் கொடுக்கும் பொடியை வாங்காதீர்கள்.