சளி உடம்பின் கழிவுதானே? அதை அடியோடு வெளியேற்ற என்ன வழி?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக மனசு வரவில்லை. உங்களுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது, யாரோ "உடம்பில் அழுக்கு சேர்ந்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறார்கள், அப்படித்தானே? சளி கழிவு இல்லை. உடம்பு தன் தேவைக்காகத் தானே சுரப்பது. அது வறண்டு போனால் என்ன ஆகும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, கழுத்தில் துளை போட்டு ட்யூப் வைத்திருந்தார்கள். மூச்சு நேரே மூச்சுக்குழாய்க்குள் போகும். காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் மூக்குக்கு வேலையே இல்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி ட்யூபிலிருந்து விசில் மாதிரி சத்தம். உள் ட்யூபைக் கழற்றினால், சளி காய்ந்த கோந்து போலப் பழுப்பாக இறுகிக் கிடந்தது. நடுவில் ஒரு பென்சில் முனை அளவுக்குத்தான் வழி. கை நடுங்கியது. சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி ட்யூபைக் கழுவிப் போட்டு, சலைன் விட்டு, அதை ஈரப் புகையாக்கி உள்ளே அனுப்பும் நெபுலைசர் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சளி இளகி, அதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் குழாயில் வழவழவென்று ஏறியது. அதைப் பார்த்ததும்தான் எனக்கும் மூச்சு வந்தது.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். சளியில் பெரும்பங்கு தண்ணீர்தான். மியூசின் என்ற புரதம் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொழகொழப்பாக்குகிறது. தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ள நுண்ணிய முடிகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து அதைத் தொண்டைக்கு ஏற்றிவிடும். நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுவோம், மிச்சத்தை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். அந்த அமிலம் வயிற்றையே அரிக்காமல் காப்பதும் உள்ளே படிந்திருக்கும் சளிப் படலம்தான். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்குப் பல வருஷம் முன்பே, 1922இல், மூக்குச் சளியில் கிருமியைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதி இருப்பதை எழுதிவிட்டார்.

பச்சையாக வந்தால் உடனே ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள். கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம் அது. சாதாரண வைரஸ் ஜலதோஷத்திலும் வரும்.

நான் டாக்டர் இல்லை, தெரியும். டாக்டரிடம் போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ரத்தம் கலந்து வந்தால், மூச்சு வாங்கினால், வாரக்கணக்கில் இருமல் நிற்காவிட்டால் கட்டாயம் போங்கள். மற்றபடி சளியை ஒழிக்க வழி தேடாமல், அது இறுகாமல் இருக்கப் பாருங்கள். தண்ணீர் குடியுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், புகை அந்த முடிகளைக் கெடுக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அப்பாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள், நான் சக்‌ஷன் போடும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். "எப்படித்தான் இதையெல்லாம் பார்க்கிறாயோ" என்று அவர் எதிரிலேயே கேட்டார்கள். அவருக்குப் பேச்சுதான் வராது, காது நன்றாகவே கேட்கும். அவர்கள் போனதும், இனி யார் வந்தாலும் கதவைச் சாத்திவிடச் சொல்லிச் சிலேட்டில் எழுதிக் காட்டினார்.