கோடையில் அணி கட்டுவது எப்படி? என்பிஏ கேள்வி-பதில்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் இறுதிப்போட்டி முடிந்த கையோடு எனக்கு வரும் கேள்விகளில் பாதி "எங்க டீம் யாரைத் தூக்கணும்?" என்பதாகவே இருக்கும். 2025 கோடை நடப்புகளை ஒட்டி வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஐபிஎல்லில் எல்லா அணிக்கும் ஒரே பணப்பை. என்பிஏவிலும் சம்பள வரம்பு உண்டு என்கிறார்கள். ஆனால் பெரிய அணிகள் எல்லாம் அதைத் தாண்டித்தான் நிற்கின்றன. அப்புறம் அது என்ன வரம்பு?

2025 ஐபிஎல்லுக்கான பெரிய ஏலத்தில் ஓர் அணிக்கு 120 கோடி ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடாது. என்பிஏவின் 'சாலரி கேப்' அவ்வளவு இறுக்கம் இல்லை. 2025-26 சீசனுக்கு அது சுமார் 15.46 கோடி டாலர். வெளியில் இருக்கும் ஃப்ரீ ஏஜென்ட்டை (ஒப்பந்தம் முடிந்து, எந்த அணியிலும் சேரக்கூடிய வீரரை)க் கொண்டுவரும்போதுதான் இது பெரிய தடை. இடையில் வேறு அணியோடு புது ஒப்பந்தம் போடாமல் மூன்று சீசன் தாக்குப்பிடித்த தன் சொந்த வீரரை, வரம்பைத் தாண்டியும் வைத்துக்கொள்ளலாம். பழைய பாஸ்டன் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் இதை 'பேர்ட் உரிமை' என்பார்கள்.

ஆகவே நல்ல வீரர்களை வைத்திருக்கிற அணி தானாகவே வரம்புக்கு மேலே போய்விடும். அதற்குப் பிறகு அதன் கையில் இருப்பது டிராஃப்ட் (புது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது), டிரேட் (வீரர்களையும் அந்தத் தேர்வு உரிமைகளையும் அணிகள் கைமாற்றிக்கொள்வது), குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வரும் மூத்த வீரர்கள், அப்புறம் 'மிட்-லெவல்' என்னும் சலுகைத் தொகை. 2025-26இல் அது சுமார் 1.41 கோடி டாலர். சம்பளப் பட்டியல் மிக அதிகமானால் கட்ட வேண்டிய ஆடம்பர வரியின் எல்லையைத் தாண்டி ஓரளவுக்கு மேல் போன அணிக்கு 57 லட்சம் டாலர்தான். ரசிகர்கள் யானை விலை வீரர்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்க, மேலாளர் அந்த 57 லட்சத்தை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

ஓக்லஹோமா சிட்டி தண்டர் 21 வயது கிடியைக் கொடுத்துவிட்டு 30 வயது கருசோவை வாங்கியபோது நானும் சிரித்தேன். அடுத்த வருடமே கோப்பை. அவர்களுக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அண்மைக் காலத்தில் ஓர் அணி கோடையைச் சரியாகப் பயன்படுத்தியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என் கண்ணில் படவில்லை.

2023-24இல் தண்டர் 57 ஆட்டம் வென்று மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். பிளேஆஃப் இரண்டாம் சுற்றில் டல்லாஸ் ஆறு ஆட்டங்களில் அவர்களை அனுப்பிவைத்தது. அந்தத் தொடரில் இரண்டு ஓட்டைகள் எல்லோருக்கும் தெரிந்தன. ஒன்று, ஜோஷ் கிடியை டல்லாஸ் வெளியே காவல் இல்லாமல் விட்டுவிட்டு, அவரைக் காக்க வேண்டிய தன் ஆளை வளையத்துக்கு அருகே நிறுத்திக்கொண்டது. கிடியின் ஆட்ட நேரம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு, ரீபவுண்டு, அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது. செட் ஹோம்கிரென் ஒல்லி. பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

அந்தக் கோடையில் சரியாக இந்த இரண்டு ஓட்டைகளை மட்டும் அடைத்தார்கள். கிடிக்கு நேருக்கு நேராக அலெக்ஸ் கருசோ. டிராஃப்ட் தேர்வு எதுவும் இரு பக்கமும் கைமாறவில்லை. சிகாகோ கூடவே ஒரு தேர்வைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம், அது வேறு கதை. அடுத்து சென்டர் (வளையத்தை ஒட்டி ஆடும் உயரமான ஆள்) ஐசயா ஹார்ட்டென்ஸ்டைன், மூன்று வருடத்துக்கு 8.7 கோடி டாலர். அவர் ஆடிக்கொண்டிருந்த நியூயார்க் நிக்ஸிடம் முழு பேர்ட் உரிமை இல்லை. இரண்டு சீசன்தான் ஆகியிருந்தது. அவர்களால் அதிகபட்சம் நான்கு வருடத்துக்கு 7.25 கோடி வரைதான் போக முடிந்தது. நிக்ஸ் எந்த இடத்தில் நிற்கும் என்பது விதிப்புத்தகத்திலேயே இருந்தது. தண்டர் அதைத் தாண்டி விலை வைத்தார்கள்.

விளைவு: 2024-25இல் 68 வெற்றி, இந்தியானாவுடன் ஏழாவது ஆட்டம் வரை போன இறுதிப்போட்டியில் கோப்பை. டென்வருக்கு எதிரான இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், ஆறரை அடிகூட இல்லாத கருசோ ஏழடி யோகிச்சை மறித்து நின்றதைப் பார்த்தவர்கள் அந்த டிரேடைப் பற்றி அப்புறம் கேள்வி கேட்கவில்லை.

ஆனால் இதற்கெல்லாம் அடித்தளம் 2019 ஜூலையில் போடப்பட்டது. கவாய் லெனர்ட் கிளிப்பர்ஸுக்கு வர வேண்டுமானால் கூடவே பால் ஜார்ஜும் வேண்டும் என்ற நிலை. ஜார்ஜ் இருந்தது ஓக்லஹோமாவில். கிளிப்பர்ஸின் அவசரம் தெரிந்து தண்டர் கேட்ட விலை: ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர், கல்லினாரி, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், மேலும் இரண்டு தேர்வுகளை மாற்றிக்கொள்ளும் உரிமை. கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் 2025இல் லீகின் சிறந்த வீரர், இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் இரண்டுமாக ஆனார். அந்தத் தேர்வுகளில் ஒன்றுதான் 2022இல் 12ஆவது இடத்தில் ஜேலன் வில்லியம்ஸ்.

கிடி மோசமான வீரர் இல்லை. 2025இல் சிகாகோ அவருக்கு நான்கு வருடத்துக்குப் பத்துக் கோடி கொடுத்தது. தண்டருக்கு அவர் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

2024இல் கோப்பை வாங்கிய பாஸ்டன் செல்டிக்ஸ் ஒரே வருடத்தில் தன் அணியைத் தானே பிரித்துப் போட்டது ஏன்? பணக்கார அணிதானே?

சம்பளப் பட்டியலுக்கு வைத்திருக்கும் 'செகண்ட் ஏப்ரன்' என்ற கோடுதான் காரணம். 2025-26க்கு அது சுமார் 20.78 கோடி டாலர். இதைத் தாண்டினால் வரி மட்டுமா? கையையும் கட்டிப்போடுகிறார்கள். இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை டிரேடில் வாங்க முடியாது. அந்த 57 லட்சச் சலுகைகூடக் கிடையாது. ஏழு வருடம் தள்ளியுள்ள முதல் சுற்றுத் தேர்வை விற்க முடியாமல் முடக்கிவிடுவார்கள்; மறுபடி மறுபடி தாண்டினால் அந்தத் தேர்வு சுற்றின் கடைசிக்குப் போகும்.

செல்டிக்ஸ் அப்படியே தொடர்ந்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரைத் தொட்டிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். இதற்கு நடுவே 2025 மே மாதம் நிக்ஸுக்கு எதிரான தொடரில் ஜேசன் டேட்டமுக்கு குதிகால் தசைநாண் அறுந்தது. நட்சத்திரம் ஒரு வருடம் ஆடுவாரா என்றே தெரியாதபோது யாருக்காக 50 கோடி? ஜூரூ ஹாலிடே போர்ட்லண்டுக்கு, போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கு, கார்னெட் சான் அன்டோனியோவுக்கு, ஹோர்ஃபர்ட் கோல்டன் ஸ்டேட்டுக்கு. ஹாலிடேக்கு இன்னும் மூன்று வருட ஒப்பந்தம் பாக்கி. பதிலுக்கு வந்த சைமன்ஸுக்கு ஒரே வருடம். அந்த டிரேடில் பாஸ்டன் வாங்கியது முக்கியமாக அந்த இரண்டு வருட வித்தியாசத்தைத்தான்.

எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டேட்டம் திரும்பும்போது டிரேட் செய்யக் கை இருக்க வேண்டும்.

எங்கட ராப்டர்ஸ் 2018இல செய்த மாதிரி ஒரு துணிச்சலான டிரேட் மறுபடி செய்யக் கூடாதா? — ரொறன்ரோ வாசகர்

2018இல் டிரோசனையும் பொல்ட்லையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து கவாய் லெனர்டையும் டேனி கிரீனையும் வாங்கினார்கள். ஒப்பந்தத்தில் ஒரே வருடம் மீதியிருந்த, காயத்தோடு வந்த வீரர். ஆனால் அப்போது அது 59 ஆட்டம் வென்ற அணி. லௌரி, இபாக்கா, சியாக்கம், வான்வ்லீட் எல்லோரும் இடத்தில் இருந்தார்கள். உச்சியில் ஓர் ஆள் மட்டுமே குறை. கவாய் ஒரு வருடத்தில் போய்விட்டாலும் 2019 கோப்பை போகாது.

2024-25 ராப்டர்ஸ் 30 வெற்றி அணி. பார்ன்ஸ், இங்கிராம், பாரெட், குவிக்லி, பொல்ட்ல் (ஆமாம், அதே பொல்ட்ல், திரும்பி வந்துவிட்டார்) ஐவரையும் வைத்துக்கொண்டு 2025 கோடையில் மொத்தச் சம்பளப் பட்டியல் வரி எல்லையை உரசியது. இவர்களில் மூன்று பேர் பந்தை வைத்துக்கொண்டு வளையத்தை நோக்கிப் போக விரும்புகிறவர்கள். இங்கே தேவை தூரத்திலிருந்து போடத் தெரிந்த ஒருவரும், பொல்ட்லுக்குப் பின்னால் வர நம்பகமான ஒரு சென்டரும். துணிச்சலை இன்னும் பத்துப் பதினைந்து வெற்றி கூடிய பிறகு காட்டட்டும்.

பிலடெல்பியா சிக்ஸர்ஸ் 2023இல் தங்கள் இளம் வீரர் மேக்ஸிக்கு ஏன் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் காக்க வைத்தார்கள்? அவருக்கு அவமானமாக இருந்திருக்காதா?

இருந்திருக்கலாம், ஆனால் கணக்கு சரி. ஒப்பந்தம் முடிந்த சொந்த வீரர் கையெழுத்திடும் வரை, அவருக்கென ஒரு தொகை வரம்பில் பிடித்துவைக்கப்படும். மேக்ஸிக்கு அது 1.3 கோடிதான். 2024 ஜூலையில் அந்த இடைவெளியில் பால் ஜார்ஜை 21.2 கோடிக்கு எடுத்துவிட்டு, அதன் பிறகு மேக்ஸிக்கு 20.4 கோடி எழுதினார்கள். 2015இல் சான் அன்டோனியோ கவாயைக் காக்க வைத்து ஆல்ட்ரிஜை எடுத்ததும் இதே வித்தைதான். அடுத்த சீசன் 67 வெற்றி.

சிக்ஸர்ஸுக்கோ 2024-25இல் 24 வெற்றி, 58 தோல்வி. எம்பீட் 19 ஆட்டம், ஜார்ஜ் 41 ஆட்டம்தான் ஆடினார்கள். அந்தக் கோடையில் பிலடெல்பியாவை மெச்சாதவர்கள் குறைவு. முழங்கால் பிரச்சினை உள்ள ஒரு நட்சத்திரத்துக்குத் துணையாக 34 வயது நட்சத்திரத்தை நான்கு வருடத்துக்கு எடுத்தால், வரம்புக் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் உடம்புக் கணக்கு உதைக்கும்.

2025 கோடையில் 36 வயது டுரான்டை ஃபீனிக்ஸிடமிருந்து ஹூஸ்டன் வாங்கியது சரியா?

சரி என்றுதான் சொல்வேன். 52 ஆட்டம் வென்ற அணி, முதல் சுற்றில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. கடைசி நிமிடங்களில் தனியாகப் புள்ளி எடுக்க ஆள் இல்லை. ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், 10ஆவது தேர்வு, சில இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் என்று கொடுத்தார்கள். ஷெங்குன், ஆமென் தாம்சன், ஜபாரி ஸ்மித் மூவரும் கையில்.

2023 பிப்ரவரியில் இதே டுரான்டுக்காக ஃபீனிக்ஸ் கொடுத்ததைப் பாருங்கள்: மிக்கால் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நான்கு முதல் சுற்றுத் தேர்வுகள். 2024-25இல் லீகிலேயே அதிகச் சம்பளப் பட்டியலோடு 36 வெற்றி, பிளேஆஃப் இல்லை. ஹூஸ்டன் கொடுத்த அந்த 10ஆவது தேர்வு ஃபீனிக்ஸ் எப்போதோ கைவிட்ட சொந்தத் தேர்வுதான்! அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்கு முதல் சுற்றுத் தேர்வே இல்லாமல் ஓர் அணி விற்றுவிடக் கூடாது என்று 'ஸ்டெபியன் விதி' இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் முதலாளி டெட் ஸ்டெபியன் விற்றுத் தள்ளியதால் வந்த விதி. அதிலும் சந்து கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

ஹூஸ்டனிடம் ஒரு குறை: கிரீன் போன பிறகு பந்தைக் கொண்டுபோக வான்வ்லீட்டை விட்டால் அனுபவசாலி இல்லை. 2025 செப்டம்பரில் அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. இரண்டாவது பாயின்ட் கார்டுக்கு அந்தக் கோடையில் கொஞ்சம் காசு ஒதுக்கியிருக்கலாம்.

நட்சத்திர வீரர் லில்லார்டை மில்வாக்கி 2025இல் விடுவித்தது புத்திசாலித்தனமா?

அவருக்குத் தர வேண்டிய சுமார் 11.3 கோடியை ஐந்து வருடத்துக்குப் பரப்பினார்கள். ஆடாத வீரருக்காக வருடம் 2.25 கோடி வரம்பில் உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் மைல்ஸ் டர்னர் வந்தார். மில்வாக்கியின் பெரிய நட்சத்திரம் யான்னிஸைச் சமாதானப்படுத்தக் கட்டிய விலை இது, ரொம்ப அதிகம்.

கோடையில் இளம் வீரர்களுக்காக நடக்கும் சம்மர் லீகில் கலக்குகிறவர்களை உடனே எடுத்துக்கொள்ளலாமே? இந்தியர் யாராவது உண்டா?

லாஸ் வேகஸில் 30 புள்ளி போட்டவர்கள் நவம்பரில் காணாமல் போவது வழக்கம். புள்ளியை விடுங்கள்; தடுப்பாட்டத்தில் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். ஒவ்வோர் அணிக்கும் 15 முழு ஒப்பந்தங்களுக்கு மேல் மூன்று 'டூ-வே' இடங்கள் உண்டு. அதிகபட்சம் 50 ஆட்டம், பிளேஆஃப் கிடையாது, சம்பளமும் குறைவு. தண்டரின் லூ டோர்ட் அப்படி வந்தவர்தான். கருசோவும் லேக்கர்ஸில் அப்படித்தான் தொடங்கினார்.

இந்தியர் என்றால், 2015இல் டல்லாஸ் 52ஆவதாகத் தேர்ந்தெடுத்த சத்னம் சிங். என்பிஏ ஆட்டம் ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2021 சம்மர் லீகை வென்ற சாக்ரமென்டோ அணியில் பிரின்ஸ்பால் சிங் இருந்தார்.

ஃப்ரீ ஏஜென்சி தொடங்கும்போது நேரலையாகப் பார்க்க எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

ஜூன் 30 மாலை 6 மணி நியூயார்க் நேரம். நமக்கு ஜூலை 1 அதிகாலை 3.30. ஆனால் அப்போது வருவதெல்லாம் வாய்மொழி ஒப்புதல். பெரும்பாலான கையெழுத்துகள் ஜூலை 6 அன்றுதான். 2015இல் டிஆண்ட்ரே ஜோர்டன் டல்லாஸுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார், அவர்களும் அவரை நம்பி மற்ற சென்டர்களைத் தேடவில்லை. கையெழுத்து நாளுக்குள் கிளிப்பர்ஸ் வீரர்கள் அவர் வீட்டுக்கே போய் மனதை மாற்றிவிட்டார்கள். அதே ஜோர்டன் 2018இல் டல்லாஸுக்கே வந்து சேர்ந்தார். அடுத்த ஜனவரி கடைசியில் போர்சிங்கிஸ் டிரேடில் அவரை நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள்.