மேச்சேரி ஏன் காயுது? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம்ண்ணா,

தொப்பூர்ல இருந்து மேட்டூர், பவானி வழியா ஈரோடு வர்ற ரோட்டுல ஒருதடவை போய்ப் பாருங்கன்னு நீங்க முன்னாடி எழுதியிருந்தத படிச்சுட்டு, தீபாவளிக்கு பெங்களூர்ல இருந்து ஈரோடு வரும்போது சேலம் பக்கம் போகாம தொப்பூர்லயே வலது கைப்பக்கம் திரும்பிட்டோம். மேட்டூருக்கு முன்னாடி வர்ற மேச்சேரி வரைக்கும் வெள்ளாமைக் காடெல்லாம் ஒரே காய்ச்சல். மேட்டூர் தாண்டி பவானி வர்றப்ப எங்க பாத்தாலும் பச்சை. எம்பொண்ணு, ஏழாவது படிக்கறா, "அப்பா, டேம் இங்கதான இருக்கு, அப்ப மேச்சேரிக்கு ஏன் தண்ணி போகல?"ன்னு கேட்டா. எனக்கு பதில் தெரியல. அப்புறம் இன்னொண்ணு, ஆறு ஓடவே இல்லீங்கண்ணா, குளமாட்டம் நின்னுட்டு இருந்துச்சு. வழி நெடுக ஓவர்டேக் பண்ண முடியாம கரும்பு லாரிக்குப் பின்னாடியே வந்ததுல ஒரு மணி நேரம் போச்சு, இதை நாலு வழியா போட்டா என்ன?

– ஒரு ஈரோட்டுக்காரன், பெங்களூர்

வணக்கம் தம்பி,

பாப்பா கேட்ட கேள்விய மேச்சேரிக்காரங்க அணை கட்டின நாள்ல இருந்து கேட்டுட்டு இருக்காங்க, அதனால அதுக்கே மொதல்ல வர்றேன்.

மேட்டூர்ல காவேரி பாலமலைக்கும் சீதாமலைக்கும் நடுவுல இருக்கற இடுக்கு வழியாத்தான் சமவெளிக்கு வருது. ஒகேனக்கல்லுக்கு அந்தப் பக்கத்துல இருந்தே மலைக்குள்ள மடங்கி மடங்கி வர்ற ஆறு, இந்த எடத்துல ரெண்டு மலையும் நெருங்கி நிக்கறதுக்கு நடுவுல புகுந்து வெளிய வருது. அணை கட்ட இதைவிட தோதான எடம் கெடைக்காது, ரெண்டு பக்கமும் மலையே சுவரா நிக்குது, நடுவுல மட்டும் அடைச்சா போதும். அப்படி அடைச்சதே 5,300 அடி நீளம்ங்க. 1925ல ஆரம்பிச்சு 1934ல முடிச்சாங்க. யாருக்காக கட்டினாங்கன்னு பாத்தீங்கன்னா தஞ்சாவூர் டெல்டாவுக்காக, எங்கயோ கெழக்க இருக்கற வயலுக்காக. பக்கத்துல இருக்கற காட்டுக்கு தண்ணி குடுக்கறதெல்லாம் அன்னைக்கு நோக்கமே இல்ல. ஜூன் 12ன்னா இன்னைக்கும் தமிழ்நாடே மேட்டூர் மதகைப் பாக்குறது அந்த டெல்டாவுக்காகத்தான்.

அடுத்தது மட்டக் கணக்கு. அணை 120 அடி நெறஞ்சு நின்னாலும் அந்தத் தண்ணியோட மேல்மட்டம் கடல் மட்டத்துல இருந்து 790 அடிதான். மேச்சேரி, நங்கவள்ளி பக்கத்து நெலமெல்லாம் அதுக்கும் மேல இருக்கு. மேட்டூருக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்க எறங்கி எறங்கி வந்திருப்பீங்களே, வண்டி ஓட்டறப்ப அது சும்மா ஒரு எறக்கம்தான், ஆனா வாய்க்கா தண்ணிக்கு அதுதான் எல்லை. தண்ணி தானா மேல ஏறாது, பம்ப் போட்டுத்தான் ஏத்தணும். அப்படி ஏத்தறதுக்கு இப்ப ஒரு திட்டம் இருக்கு, அணை நெறஞ்சு வழியற காலத்துல உபரித் தண்ணிய பம்ப் பண்ணி சேலம் மாவட்டத்துல காஞ்சு கெடக்கற 100 ஏரிய நெறப்பறதுன்னு 565 கோடி ரூபா திட்டம். நல்ல காரியம், நான் மனசார வரவேற்கிறேன். ஆனா அதுலயும் பாருங்க, வழிஞ்சாத்தான் இவங்களுக்கு. அணை நெறையாத வருஷம் மேச்சேரிக்கு ஒண்ணும் இல்ல. அந்த சீமைக்குன்னே ஒரு ஆடு இருக்கு, மேச்சேரி ஆடுன்னு பேரு, செம்மறிதான், ஆனா உடம்புல கம்பளி இருக்காது, வெயில் தாங்கும், காஞ்ச காட்டுலயே மேஞ்சு பொழைச்சுக்கும். அடுத்த தடவை பாப்பாவுக்கு அதைக் காட்டுங்க.

இதைவிட மனசை அறுக்கற சங்கதி அணைக்கு மேல் பக்கம் இருக்கு. மேட்டூர்ல இருந்து கொளத்தூர் வழியா கர்நாடக எல்லையில இருக்கற பாலாறு போற ரோட்டுல போனீங்கன்னா தெரியும், தண்ணி குறைஞ்ச மாசத்துல அணைக்குள்ள வண்டல் மண்ணு வெளிய தெரியும், அதுல சோளம், கம்பு, கல்லக்காயின்னு வெதைச்சிருப்பாங்க. திடீர்னு கர்நாடகாவுல மழை புடிச்சு தண்ணி ஏறுச்சுன்னா வெளைஞ்சது அப்படியே முழுகிப் போகும், யாரையும் போய் கேக்க முடியாது, ஏன்னா அது அணையோட நெலம். அந்த மண்ணுல தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி ஊர்கள் இருந்துச்சு, பண்ணவாடிப் பக்கம் மட்டம் எழுபது எண்பது அடிக்கு எறங்கறப்ப நந்தி சிலையும் சர்ச் கோபுரமும் வெளிய தெரிஞ்சதும் பேப்பர்ல போட்டோ போடுவாங்க, எல்லாரும் வேடிக்கை பாக்க வருவாங்க. அந்தக் கோயிலுக்குப் பொங்கல் வெச்சுட்டு இருந்த ஊர்க்காரங்க எங்க போனாங்கன்னு யாரும் போட்டோ போடறதில்ல.

சரி, பச்சைக்கு வருவோம். அணைக்குக் கீழ பாலம் தாண்டி மேக்குக் கரைக்கு வந்ததும் நீங்க பாத்ததெல்லாம் மேட்டூர் மேற்குக் கரை வாய்க்கா பாசனம். கெழக்குக் கரை 27,000 ஏக்கர், மேக்குக் கரை 18,000 ஏக்கர், ஆகஸ்ட் 1ல இருந்து டிசம்பர் 15 வரைக்கும் 137 நாள் தண்ணி உடுவாங்க. தீபாவளி அதுக்குள்ளதான் வருது, அதனாலதான் அவ்வளவு பச்சை. மே மாசம் வந்திருந்தா இதுல பாதிகூட இருந்திருக்காது, ஆத்துல இருந்து மோட்டார் வெச்சு எறைக்கறவங்க, கெணத்துல தண்ணி இருக்கறவங்க காடு மட்டும்தான் கரும்பும் வாழையுமா நிக்கும். வாய்க்காலைத் தாண்டற எடத்துல வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கிப் பாருங்க, வாய்க்காலுக்குக் கீழ நெல்லு, மேல வாய்க்கா தண்ணி ஏறாத மேட்டாங்காடு, சோளத்தட்டு. நடுவுல இருக்கறது ஒரு வாய்க்காக் கரைதான். ஒரு அண்ணன் தம்பிக்கு பாகம் பிரிக்கறப்ப கீழ ஒருத்தனுக்கும் மேல ஒருத்தனுக்கும் போயிருந்தா ரெண்டு குடும்பமும் அடுத்த தலைமுறையில எங்க நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மேச்சேரிக்கும் மேக்குக் கரையில இருக்கற அம்மாபேட்டைக்கும் இருக்கற அதே வித்தியாசம் இங்க ஒரே தோட்டத்துக்குள்ள இருக்குது. இந்த ரோட்டுல போங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுக்காகத்தான், தண்ணி யாருக்குக் கெடைச்சுது யாருக்குக் கெடைக்கலைன்னு கார் கண்ணாடி வழியாவே தெரியற ரோடு வேற எனக்குத் தெரியாது.

ஆறு ஓடலைன்னு சொன்னீங்க. சரியாத்தான் பாத்திருக்கீங்க. மேட்டூருக்கும் பவானிக்கும் நடுவுல செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டைன்னு நாலு கதவணை, அதாவது ஆத்துக்குக் குறுக்க கதவு வெச்ச தடுப்பணை இருக்கு, ஒவ்வொண்ணுலயும் 30 மெகாவாட் கரண்ட் எடுக்கறாங்க. படிக்கட்டு மாதிரி ஒரு படியில தேங்கி அடுத்த படிக்கு எறங்குது ஆறு. அதனாலதான் நெருஞ்சிப்பேட்டையில இருந்து எதிர்க்கரை பூலாம்பட்டிக்கு போட் உடறாங்க, பைக்கோட ஏத்திட்டுப் போவாங்க, இந்தக் கரை ஈரோடு மாவட்டம் அந்தக் கரை சேலம் மாவட்டம். எனக்கு அந்த நெறஞ்ச தண்ணி பாக்கப் புடிக்கும். ஆனா மணல் தெரிய சலசலன்னு ஓடற காவேரிய பாக்கணும்னு ஆசைப்பட்டு வர்றவங்களுக்கு இங்க ஏமாத்தம்தான், அதையும் சொல்லிடறேன்.

நாலு வழி விஷயம். ஸ்டேட் ஹைவே 20ன்னு ரொம்ப நாள் இருந்த ரோடு இது, லாரி கூட்டம் ஏறிட்டே போறது நெசம்தான், உங்க எரிச்சல் புரியுது. ஆனா தம்பி, மேக்க மலை, கெழக்க ஆறு, நடுவுல இருக்கற கொஞ்சூண்டு எடத்துலதான் அந்த 18,000 ஏக்கர் இருக்கு. அகலப்படுத்தினா போறது மேட்டாங்காடு இல்ல, தண்ணி பாயற வயக்காடு. பெங்களூர்ல இருந்து அவசரமா வர்றவங்களுக்கு சேலம் வழியா நாலு வழி ரோடு ஏற்கெனவே இருக்கு. இங்க வேணும்னா ஊருக்குள்ள ரோட்டை சரி பண்ணட்டும், வளைவுல லைட்டு போடட்டும், பஸ் ஒதுங்கி நிக்க எடம் விடட்டும், அதுக்கு நானும் கூட நின்னு கேக்கறேன். வயல்ல கை வெக்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

அடுத்த தடவை வரும்போது ராத்திரி மட்டும் வேண்டாம். அறுவடைக் காலத்துல பின்னாடி லைட்டே இல்லாத டிராக்டரும் கதிர் அறுக்கற மெஷினும் ரோட்டுலதான் வரும், காட்டுத் தடத்துல இருந்து மொபெட் எடுத்துட்டு ஏர்றவங்க ரெண்டு பக்கமும் பாக்க மாட்டாங்க. தொப்பூர்ல காலைல ஏழு மணிக்கு திரும்பற மாதிரி கெளம்புங்க. மேட்டூர்ல மீன் வறுவல் சாப்பிட்டுட்டு, நெருஞ்சிப்பேட்டையில பாப்பாவை ஒரு தடவை போட்ல கூட்டிட்டுப் போயிட்டு வந்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஈரோட்டுக்கு வந்துடலாம்.