ஆஸ்திரேலியாவில் எங்கள் முதியோர் இல்லத்துக்கு வரும் அரசு நிதியைக் கூட்டுவது எப்படி?

நீங்கள் புதிதாக வந்த மேனேஜர், மேலிடம் கணக்குக் கேட்டு நெருக்குகிறது என்று வைத்துக்கொள்கிறேன். நான் மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடமாக நர்ஸ்.

'வயதானவர்களை வைத்துக் காசு பார்க்கிறீர்களா?' என்று இங்கே யாராவது கேட்கலாம். செய்கிற வேலைக்குரிய பணத்தைக் கேட்டு வாங்காவிட்டால் ராத்திரி ஷிஃப்டில்தான் முதலில் ஆள் குறையும். அதை நேரில் பார்த்தவள் நான்.

2008 முதல் 2022 செப்டம்பர் வரை 'ஆக்ஃபி' (ACFI) என்ற அரசு நிதி முறை இருந்தது. பன்னிரண்டு கேள்விகள், மதிப்பீட்டை இல்லமே செய்யும். ஃபிசியோ வாரத்தில் நாலு நாள் வலிக்கு மசாஜ் செய்தால் அதற்குப் பணம் வரும். அவரே ஒருவரை எழுப்பி நடக்கப் பழக்கினால் வராது. எழுந்து நடக்கத் துடித்த ஒரு தாத்தாவுக்கு நானே மசாஜுக்கு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இப்போதைய 'ஆன்-ஆக்' (AN-ACC) முறையில் மதிப்பீடு செய்ய வெளியிலிருந்து அசெஸர் வருகிறார். மொத்தம் 13 வகுப்புகள், ஒருவர் எந்த வகுப்போ அதற்கேற்றபடி பணம். முதல் வகுப்பு, இறுதிக்காலப் பராமரிப்புக்கென்றே வந்து சேர்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு நடமாட்டம்தான் முதலில்: தானாக நடப்பவரா, துணையோடு நடப்பவரா, நடக்கவே முடியாதவரா. அப்புறம் நினைவுத்திறன், நடத்தை, படுக்கைப்புண் வரும் அபாயம் எல்லாம். படிவத்தை நாமே நிரப்பிப் பணத்தைக் கூட்ட இதில் வழி இல்லை. அசெஸர் ஆளைப் பார்ப்பார், ஊழியரிடம் கேட்பார், நாம் எழுதி வைத்த குறிப்புகளைப் படிப்பார். நாங்கள் கோட்டை விட்டது அந்தக் குறிப்புகளில்தான்.

எங்களிடம் இத்தாலியில் பிறந்த ஒரு பாட்டி இருந்தார். டிமென்ஷியா. காலையில் சிரித்த முகமாக வாக்கரோடு நடப்பார். இரவு பத்துக்கு மேல் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கதவைத் தட்டுவார், தடுத்தால் அடிப்பார். இரண்டு பேர் கூடவே இருக்கவேண்டும். அசெஸர் வந்தது பகல் பதினொரு மணிக்கு. பாட்டி அவருக்குக் கை கொடுத்துப் பேசினார். இரவுக் குறிப்புகளிலோ இரண்டு வாரத்துக்கும் ஒரே வரி: 'நன்றாகத் தூங்கினார்.' நடத்தைச் சிரமம் எதுவும் கணக்கில் ஏறவில்லை, குறைந்த வகுப்புதான் கிடைத்தது.

ஏன் அப்படி எழுதினாய் என்று நைட் டியூட்டிப் பெண்ணிடம் கேட்டேன். "அஞ்சு மணிக்குத் தூங்கிட்டாங்களே அக்கா" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அதற்கு முந்தின ஏழு மணி நேர அவஸ்தையை எழுதும் பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை.

அன்றிலிருந்து நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னேன்: எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எவ்வளவு நேரம். கூட்டி எழுதக்கூடாது என்றும் சொன்னேன். சில மாதத்தில் பாட்டி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். குறைந்தது ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாலோ நடமாட்டம் போய்விட்டாலோ மறுமதிப்பீடு கேட்கலாம். கேட்டோம். இந்தத் தடவை குறிப்புகள் பேசின. வகுப்பு மாறியது, இரவில் கூடுதலாக ஓர் ஆளும் கிடைத்தார்.

அந்த இரவு வேலையை ஊரில் என் சொந்தக்காரர்கள் 'ஆயா வேலை' என்கிறார்கள். நர்ஸிங் படித்துவிட்டு இதற்கா போனாய் என்று என் அம்மாவிடமே கேட்டார்கள். அடி வாங்கிக்கொண்டே ஒருவரின் கையைப் பிடித்துத் தூங்கவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவர்களுக்குத் தெரியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் அந்த வேலையை எழுத எங்களுக்கே கூச்சம் வந்ததற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. இந்த முறையில் ஒருவர் தேறிவிட்டார் என்பதற்காக நாமாக மறுமதிப்பீடு கேட்கவேண்டியதில்லை, வரும் பணம் குறையாது. அதனால் தைரியமாக ஃபிசியோவை வைத்து நடக்கப் பழக்குங்கள். வரும் நிதியில் போதிய ஆள் போடவேண்டும். 2024 அக்டோபர் முதல் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் ரெஜிஸ்டர்ட் நர்ஸ் என்பது இலக்கு.

சரி, எங்கே தொடங்குவது என்றால், கடந்த மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரி போய் வந்தவர்களின் பட்டியலை எடுங்கள். பிறகு ஒரு நாள் இரவு முழுக்க நைட் டியூட்டிப் பெண்களோடு இருந்து பாருங்கள். காலையில் அவர்கள் எழுதியதைப் படியுங்கள்.