எழுத்தும் உறக்கமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 34. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டு வேலைகள் முடிந்து எல்லோரும் படுத்த பிறகு, இரவு பதினொரு மணிக்கு மேல், அலைபேசியில்தான் எழுதுகிறேன். படுக்க இரண்டு மணி ஆகிவிடும். ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். முதல் சிறுகதைத் தொகுப்பு அப்படித்தான் உருவானது. இப்போது ஒரு நாவலில் ஐந்து அத்தியாயங்களோடு நிற்கிறேன். எழுத உட்கார்ந்தாலே எரிச்சல் வருகிறது. எழுதியதைப் படித்தால் வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கிறது. தோசைக்கல்லைத் தூக்கினால் வலது கட்டைவிரலின் அடியில் சுரீரென்று வலிக்கிறது. இதுதான் ‘பர்ன்அவுட்’, அதாவது வேலையிலேயே எரிந்து ஓய்ந்துபோவது, சில மாதங்கள் எழுதாமல் இரு என்கிறாள் தோழி. ஆனால் சிறுகதையாசிரியர் புதுமைப்பித்தன் 42 வயதிலும் பாரதி 39 நிறைவதற்குள்ளும் போய்விட்டார்கள். தங்களை எரித்துக்கொண்டதால்தானே அவர்களால் அப்படி எழுத முடிந்தது? இடைவெளி விட்டால் எழுத்து என்னைவிட்டுப் போய்விடுமா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எழுதலாம்? தியானம், நடைப்பயிற்சி, சமூக ஊடகங்களிலிருந்து விலகுவது, இவற்றில் எது உதவும்?

ம.

அன்புள்ள ம.,

எழுதுகிறவர்களின் உடல்நிலையைப் பற்றிச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் நான் அஞ்சுகிற ஒரு வரி அப்படியே இருந்ததால் மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எளியவற்றை முதலில் முடித்துவிடலாம். தியானம் பிடித்தால் செய்யுங்கள். நடப்பது எவருக்கும் நல்லது. சமூக ஊடகம் உங்கள் பிரச்சினையே அல்ல. மூன்றரை மணி நேரம் மட்டுமே உறங்குகிற ஒருவர் முகநூலை விட்டு விலகி எதை மீட்டுவிட முடியும்? எத்தனை மணி நேரம் எழுதலாம் என்பதற்குப் பொது விடை கிடையாது.

கட்டைவிரலை அப்படித் தள்ளிவிட முடியாது. கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களை அதன்மேல் மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டோரமாக வலி தெறித்தால், அங்குள்ள தசைநாண்களின் உறை வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சிறு குழந்தையைத் தூக்கித் தூக்கி வளர்க்கும் தாய்மாருக்கு அடிக்கடி வருவது அது. கட்டைவிரலாலேயே அலைபேசியில் தட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் வருகிறது. தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்திலேயே போனால் பெரும்பாலும் விரலை அசைக்காமல் பட்டை போட்டு வைப்பதோடும் மருந்தோடும் சரியாகிவிடும்.

தோழி சொன்னதில் உண்மை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை வரையறுத்தபோது அதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்தில் தொடர்ந்து தணிக்கப்படாமல் இருக்கும் அழுத்தத்தின் விளைவு என்றே சொன்னது. ஓய்ந்துபோதல், செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற உணர்வு ஆகிய மூன்றையும் அதன் அடையாளங்களாகக் குறிப்பிட்டது. நீங்கள் எழுதியதே உங்களுக்கு அந்நியமாகத் தெரிவது அந்த இரண்டாவது அடையாளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரையறை சம்பளம் வாங்கும் வேலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. உங்களுக்கு அலுவலகம், வீடு, எழுத்து என்று மூன்று வேலைகள். அவற்றில் ஒன்றுக்குத்தான் விடுப்பு விண்ணப்பம் கொடுக்க முடியும்.

இப்போது நான் அஞ்சுகிற அந்த வரிக்கு வருகிறேன். தங்களை எரித்துக்கொண்டதால்தான் அவர்களால் அப்படி எழுத முடிந்தது என்று எந்த ஆதாரத்தில் எழுதினீர்கள்? புதுமைப்பித்தன் எரிந்து முடிந்தவர் அல்ல, காசநோயால் இறந்தவர். திரைப்பட வேலைக்காகப் பூனாவுக்குப் போன இடத்தில் நோய் முற்றி, திருவனந்தபுரத்துக்குத் திரும்பி, 1948 ஜூன் 30 அன்று இறந்தார். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அது நுரையீரல் காசநோயில் எவ்வளவு பயன் தருகிறது என்று பிரிட்டனில் நடத்திய புகழ்பெற்ற ஆய்வின் முடிவு வெளியானது 1948 அக்டோபரில், அதாவது அவர் இறந்து நான்கு மாதங்கள் கழித்து. இன்னும் சில ஆண்டுகளில் மருந்துகள் பெருகி இந்த நோய் மாத்திரையால் தீர்வதாயிற்று. அவர் கதைகளில் பெரும்பகுதி 1934க்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. அவையெல்லாம் நோய்க்கும் நாளிதழ் வேலைக்கும் வறுமைக்கும் போக மிஞ்சியவை. அந்த மிச்சத்தைக் கண்டு வியக்க வேண்டிய நாம், அதைத் தின்று தீர்த்த நோயை வியந்துகொண்டிருக்கிறோம். அவர் ஐம்பது வயதில் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்த்ததுண்டா? எனக்கு அந்த நினைப்பு வரும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது.

இந்த வியப்பு என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளில் மதுரையில், அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் வேலையிலிருந்த ஒரு கதாசிரியரின் வீட்டுக்கு அடிக்கடி போவேன். காலையிலிருந்து பிறருடைய எழுத்தில் பிழை பார்த்துவிட்டு, இரவில் தேநீரும் பீடியுமாகத் தன் கதையை எழுதுவார். அவருக்குக் காசநோய் கண்டது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று அரசு மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். அந்த மருந்துகளில் ஒன்று சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அது அவரைக் கலவரப்படுத்தியது. இரண்டாவது மாதத்தில் இருமல் தணிந்ததும் மருந்தை நிறுத்திவிட்டார். மாலையில் அங்கே கூடும் இளைஞர்கள் எவரும் மாத்திரையைப் பற்றிக் கேட்டதில்லை. அவர் இருமுவதைக்கூடப் பெரிய எழுத்தாளரின் இலட்சணமாகவே பார்த்தார்கள். ஒருவர் அவரைப் புதுமைப்பித்தனோடு ஒப்பிட்டுப் பேசியபோது அவர் முகம் மலர்ந்ததைக் கண்டேன். நோய் திரும்பி வந்தபோது மருந்துக்கு அது கட்டுப்படவில்லை. இரங்கல் கூட்டத்தில் ஒரு பேச்சாளர், “இலக்கியத்துக்காகத் தன்னையே எரித்துக்கொண்டவர்” என்று முழங்கினார், கை தட்டினார்கள். முன்வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். சாப்பிடாமல் மிஞ்சிய மாத்திரைகளை மேஜை இழுப்பறையில், கையெழுத்துப் பிரதிகளுக்கு அடியிலிருந்து அவர்தான் எடுத்திருந்தார். அந்தக் கைதட்டலை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணம் வேண்டுமானால் கி. ராஜநாராயணனைப் பாருங்கள். இளமையில் அவரையும் காசநோய் பிடித்தது. பிழைத்தார், முப்பது வயதைக் கடந்த பிறகுதான் எழுத வந்தார், தொண்ணூறைத் தாண்டியும் எழுதினார், 2021இல் தம் 98ஆம் வயதில் மறைந்தார். நோய்தான் எழுத்தாளனை உருவாக்குமென்றால் அவர் பிழைத்ததோடு, கரிசல் மண்ணின் மக்களைப் பற்றி அவர் எழுதிய கரிசல் இலக்கியம் பிறக்காமலே போயிருக்க வேண்டும்.

கு.ப. ராஜகோபாலனையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். கண்ணில் புரை விழுந்து பார்வை மங்க, அரசு வேலையை விட்டார். அப்போது அவர் சொல்லச் சொல்ல, தங்கை சேது அம்மாள் உட்கார்ந்து எழுதினார். பின்னாளில் சேது அம்மாளும் கதாசிரியரானார். இதை எண்ணும்போதெல்லாம், சொல்வதை எழுதித்தர வீட்டில் ஓர் ஆள் இருந்ததைத்தான் எண்ணுகிறேன். உங்கள் வீட்டில் உங்களுக்காக யார் எதைச் செய்கிறார்கள்? கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நீங்கள் உறக்கத்திலிருந்து நேரம் எடுப்பதற்குக் காரணம் இலக்கிய வெறி என்று நான் நம்பவில்லை. உங்கள் நேரத்தில் வீட்டார் எவரும் கணக்குக் கேட்காத பகுதி அது ஒன்றுதான். சமையலிலிருந்து அரை மணி எடுத்தால் கேள்வி வரும். பாடம் சொல்லிக்கொடுப்பதிலிருந்து எடுத்தால் குற்றவுணர்வு வரும். உறக்கத்திலிருந்து எடுத்தால் ஒருவருக்கும் தெரியாது. தொடர்ந்து அப்படி எடுத்தால் என்ன ஆகும் என்பது இப்போது உங்கள் பக்கங்களில் தெரிகிறது. வாக்கியம் கூடி வருவதற்கு உறங்கி எழுந்த மூளை வேண்டும். கணக்குப் பிரிவில் ஒரு பிழை வந்தால் எவ்வளவு பதறுவீர்கள்? நள்ளிரவு ஒன்றரை மணிக்கு உங்கள் பாத்திரங்களுக்கு நீங்கள் செய்யும் பிழைகளும் அதே அளவுக்குப் பதற வைக்க வேண்டும்.

கோபித்துப் பேசிவிட்டேன். உங்கள் தொகுப்பின் கதைகள் எனக்குப் பிடித்திருந்ததால்தான் இவ்வளவும். வீட்டில் வெளிப்படையாகக் கேளுங்கள். இரவில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரமும் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையும் கேளுங்கள். சமையலை அன்று வேறொருவர் பார்க்கட்டும். முதலில் முணுமுணுப்பார்கள், பழகிவிடுவார்கள். இதைக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லையே என்று மட்டும் மறுகடிதம் எழுதாதீர்கள். அந்தத் தொகுப்பை எழுதியவருக்குத் துணிச்சல் இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

எழுத்து போய்விடுமா என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. ந. பிச்சமூர்த்தி கவிதையை நெடுங்காலம் விட்டிருந்து 1959இல் ‘எழுத்து’ என்ற இலக்கிய இதழ் வந்தபோது திரும்பினார். சுந்தர ராமசாமி அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் எழுதாமலே இருந்து, எழுபதுகளில் வேறொரு மொழியோடு வந்தார். இருவரிடமிருந்தும் எழுத்து போய்விடவில்லை.

ஆறாவது அத்தியாயத்தை இப்போது தொடங்க வேண்டாம். இந்த வாரமே விரலைக் காட்டிவிடுங்கள். ஒரு மாதமாவது பத்தரை மணிக்குப் படுத்து, அதன்பிறகு அந்த ஐந்து அத்தியாயங்களையும் காகிதத்தில் அச்செடுத்து ஒரு பகல் வேளையில் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.