பப்பாளிக்காய் போட்டும் இறைச்சி ஏன் மெத்தென்று ஆகவில்லை?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: “ஆட்டிறைச்சி பஞ்சாக வேகட்டும் என்று கொதிக்கும் குழம்பில் பப்பாளிக்காய்த் துண்டுகளைப் போட்டேன். ரப்பர் மாதிரியே இருந்தது. அடுத்த முறை காயை அரைத்துப் பூசி இரவு முழுவதும் வைத்தேன். சமைத்தால் கூழாகிவிட்டது. எதுதான் சரி?”

காய் மேல் குற்றமில்லை, சகோதரி. முதல் தடவை சூடு அதிகம், அடுத்த தடவை நேரம் அதிகம்.

பச்சைப் பப்பாளியைக் கீறினால் பால் வடியுமே, அதில் பப்பாயின் என்ற நொதி, அதாவது வேதி மாற்றத்தை வேகப்படுத்தும் பொருள், இருக்கிறது. இறைச்சியின் புரதம் நீளமான சங்கிலி. வெறும் தண்ணீரில் கிடந்து அது தானாக அறுபட எத்தனையோ ஆண்டுகள் ஆகும். பப்பாயினில் ஒரு சிறு பள்ளம் உண்டு. சங்கிலி அதில் வந்து பொருந்தியதும் சட்டென்று அறுபடுகிறது. அறுந்த துண்டு விலகும், பள்ளம் காலியாகும், அடுத்தது வரும். இதில் நொதி செலவாவதே இல்லை. அதனால்தான் நீங்கள் தூங்கும்போதும் அது அறுத்துக்கொண்டே இருந்தது.

கொதிக்கும் குழம்பில் நடந்தது வேறு. நொதியும் ஒரு புரதம்தான். முட்டை வெள்ளை சூட்டில் இறுகுகிறதல்லவா, அதுபோல நொதியின் மடிந்த வடிவமும் கொதியில் குலைந்துவிடும். பள்ளம் போனால் வேலையும் போச்சு. பப்பாயின் 60, 70 டிகிரி வாக்கில்தான் மிக வேகமாக அறுக்கும்.

இதே கதை உங்கள் தோட்டத்திலும் நடக்கிறது. வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு ஏற்று என்று ஏன் விரட்டுகிறார்கள்? பழச் சதையில் எண்ணெயும் உண்டு, அதை உடைக்கும் லைபேஸ் நொதியும் உண்டு. பழம் நசுங்கினால் இரண்டும் கலந்து, எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிவிடும். அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் தரம் போய்விடும். ஆலையில் குலையை முதலில் சுமார் 140 டிகிரி நீராவியில் அவிப்பது, பழம் உதிர்வதற்காக மட்டுமல்ல, அந்த நொதியை முடக்கவும்தான்.

சரி, சமையலுக்கு வருவோம். ஐஸ் இறைச்சி என்றால் முழுக்க இளகட்டும், குளிரில் நொதி மந்தமாகிவிடும். சிறு துண்டுகளாக வெட்டுங்கள், ஏனென்றால் பப்பாயின் ஆழமாக இறங்காது. ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி துருவிய பச்சைக்காய் போதும். பிசறி அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி வையுங்கள். அப்புறம் சிறு தீயில் தொடங்கி நன்றாகக் கொதிக்க விடுங்கள், அதோடு அறுப்பது நின்றுவிடும். பழுத்த பழம் வேண்டாம், அதில் இந்த நொதி குறைவு.

ஒன்று கவனியுங்கள். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் சிலருக்குப் பப்பாளியும் ஒத்துக்கொள்ளாது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இறைச்சியைத் தயிரில் ஊறவையுங்கள்.