எவ்வளவு நேரம் நின்னுச்சு? (கடிதமும் பதிலும்)

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நான் ஜங்ஷன் பக்கம் வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், எங்கப்பா காலத்துல இருந்து. இப்ப கடைன்னா செல் மாத்துததும் ஸ்ட்ராப் மாத்துததும்தான், கீ கொடுக்க மெஷின் மாசத்துக்கு ஒண்ணு வந்தா பெருசு. அதனால உங்க சைட்ட வாசிக்க நேரம் நெறைய கெடக்கு.

போன வாரம் எம் மவ கடையில வந்து உக்காந்திருந்தா, ஏழாங்கிளாஸ் படிக்கா. சுவத்துல தொங்குத கடிகாரம் ஒவ்வொண்ணும் ஒரு நேரம் காட்டும்லா, அதப் பாத்துட்டு “அப்பா, உலகத்துல உள்ள எல்லா கடிகாரமும் நின்னுட்டா காலமும் நின்னுருமா”ன்னா. போட்டி கோட்டி, கடிகாரம் நின்னா காலம் எதுக்கு நிக்கும்னு சிரிச்சேன். அவ விடல. கடிகாரம் மட்டும் இல்ல, ஆறு நிக்கு, பஸ் நிக்கு, சூரியன் நிக்கு, நெஞ்சு துடிக்கதும் நிக்கு, ஸ்டேச்சு விளையாட்டு மாதிரி எல்லாமே ஒரு மணி நேரம் நின்னுட்டு மறுபடியும் ஓடுதுன்னு வைங்க, நமக்குத் தெரியுமான்னு கேட்டா. தெரியாதுன்னேன். “அப்ப நேத்தைக்கு அப்படி நின்னிருந்தா?” இதுக்கு எனக்கு பதில் வரல.

ஒரு வாட்ச் நின்னுட்டுன்னு எனக்கு எப்படித் தெரியுது, பக்கத்துல இன்னொண்ணு ஓடுதது வச்சுத்தான். எல்லாமே நின்னா எத வச்சுப் பாக்க? மவன்கிட்ட கேட்டா பிளாக் ஹோல் பக்கத்துல காலம் நின்னுரும்னு ஒரு யூடியூப் வீடியோவ அனுப்புதான். நெசமாவா அண்ணாச்சி? காலம் நிக்குமா நிக்காதா?

இப்படிக்கு,
உங்கள் வாசகன், திருநெல்வேலி ஜங்ஷன்

அன்புள்ள அண்ணாச்சி,

(உங்க வயசு எனக்குத் தெரியாது, நம்ம ஊர்ல அது தெரிய வேண்டியதும் இல்ல.)

உங்க கடிதம் வந்து பத்து நாளாச்சு, பதில் எழுத உக்காருததும் எந்திரிக்கதுமா இருந்தேன். நீங்க கேட்டது ஒரு கேள்வி இல்ல, ரெண்டு. அது ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக் கெடக்கு, அதப் பிரிக்கதுக்குத்தான் இவ்வளவு நாள்.

மகளோட மொதக் கேள்விய நீங்க சிரிச்சுத் தள்ளினது சரிதான். கடிகாரம் சொல்லுத நேரம் நாமளா ஒத்துக்கிட்ட கணக்கு, அவ்வளவுதான். இந்தியா பூராவுக்குமான நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைய வச்சு, நாம இருக்கதோ 77.7 பக்கம், ஒரு டிகிரிக்கு நாலு நிமிசம், ஆக நம்ம ஊர்ல உச்சி வெயில் சராசரியா 12.19க்குத்தான் வருது. கடிகாரத்துல 12 அடிக்கும்போது சூரியன் இன்னும் கொஞ்சம் கிழக்கதான் நிக்கி, அதுக்காக யாரும் சூரியன் லேட்டுன்னு சொல்லுததில்ல. விடுங்க.

“பக்கத்துல இன்னொண்ணு ஓடணும்”னு நீங்க எழுதினீங்கள்லா, அங்கதான் விசயம் இருக்கு. அரிஸ்டாட்டில் ஏறக்குறைய இதத்தான் சொன்னாரு, மாற்றம் இல்லாட்டா காலம் இல்லன்னு. சார்டினியா தீவுல வீரன்மாருக்குப் பக்கத்துல படுத்துத் தூங்குதவங்கள பத்தி ஒரு கத அந்தக் காலத்துல உண்டு, அத உதாரணம் காட்டுதாரு. எந்திரிச்சதும் அவங்க தூங்குததுக்கு முந்தின நொடியையும் முழிச்ச நொடியையும் சேத்து ஒட்டிப்போட்டுருவாங்க, நடுவுல போன நேரம் அவங்களுக்குக் கிடையாது. ஆனா அவங்க தூங்கும்போது வெளிய ஆடு மேஞ்சுச்சு, வெயில் சாஞ்சுச்சு. அத வச்சு நாம சொல்லலாம், நீ இவ்வளவு நேரம் தூங்கினேன்னு.

இப்ப நம்ம பக்கத்து உதாரணம் ஒண்ணு. சிவகளையில தோண்டும்போது ஒரு முதுமக்கள் தாழிக்குள்ள நெல்லு கிடைச்சுதுலா, அதப் பரிசோதிச்சு கி.மு. 1155ன்னு 2021ல அறிவிச்சாங்க. அந்தத் தாழிக்குள்ள மூவாயிரம் வருசமா என்ன நடந்துச்சு? கண்ணுக்கு ஒண்ணுமே நடக்கல, மண்ணும் இருட்டும்தான். ஆதிச்சநல்லூர் தாழிகளப் பாக்கும்போதும் எனக்கு இதான் தோணும், இதுக்குள்ள காலம் நின்னே போச்சுன்னு. ஆனா நிக்கல. நெல்லுல இருக்க கார்பன் 14, தானா வேற அணுவா மாறிட்டே போற ஒரு வகை கார்பன், அது தன் பாட்டுக்குக் கொறஞ்சுட்டே இருந்திருக்கு, 5,730 வருசத்துல பாதியாகும், மீதி எவ்வளவுன்னு எண்ணித்தான் வயசு சொன்னாங்க. நீங்க தேடுத “பக்கத்துல ஓடுத இன்னொரு வாட்ச்” அந்த நெல்லுக்குள்ளயே இருந்துச்சு.

சரி, உங்க மக சொன்ன ஸ்டேச்சுவ இங்க போட்டுப் பாருங்க. அந்த நெல்ல தாழில வச்ச பெறவு ஒரு ஆயிரம் வருசம் உலகம் பூரா நின்னுட்டு, தாமிரபரணி, பொதிகைல வீசுத காத்து, கார்பன் எல்லாமே, பெறவு ஒண்ணும் நடக்காத மாதிரி மறுபடியும் ஓடுது. அப்ப நெல்லுக்கு வயசு என்ன? சோதனையில அதே 1155தான் வரும், எந்தச் சோதனையும் வேற சொல்லாது. அப்ப அந்த ஆயிரம் வருசம்னு ஒண்ணு இருந்துச்சா இல்லையா?

நியூட்டன கேட்டா இருந்துச்சும்பாரு. 1687லயே எழுதிட்டாரு, எது இருந்தாலும் இல்லாட்டாலும் காலம் அது பாட்டுக்கு ஒரே சீரா ஓடிட்டிருக்கும்னு. அதே காலத்து ஜெர்மன் தத்துவக்காரர் லைப்னிட்ஸ் ஒத்துக்கல. 1715லயும் 1716லயும் நியூட்டன் கட்சிக்காரர் கிளார்க்கோட கடிதம் போட்டுச் சண்ட, இவரு அஞ்சு அவரு அஞ்சு, லைப்னிட்ஸ் செத்துப் போனதால நின்னுச்சு, இல்லாட்டா இன்னும் எழுதிட்டு இருந்திருப்பாங்க. லைப்னிட்ஸ் கேட்டது ரொம்பச் சிம்பிள்: கடவுள் உலகத்த ஒரு வருசம் முந்தியே படைச்சிருக்கலாம்லான்னு ஒருத்தன் கேட்டா, முந்திப் படைச்சதுக்கும் பிந்திப் படைச்சதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லைங்கும்போது அந்தக் கேள்விக்கே அர்த்தம் இல்ல. காலம்ங்கது நடக்கதுகளோட வரிச, அவ்வளவுதாம்.

நானும் ரொம்ப வருசம் லைப்னிட்ஸ் கட்சிதான். யாராலயும் கண்டுபிடிக்க முடியாத ஆயிரம் வருசம் இருந்தா என்ன இல்லாட்டா என்ன, சவத்த விடுன்னு.

அதக் கெடுத்தவரு சிட்னி ஷூமேக்கர்னு ஒரு அமெரிக்கத் தத்துவக்காரர், 1969ல ஒரு கட்டுரை எழுதினாரு. அவரு கற்பனையா மூணு பிரதேசம் வச்சுச் சொல்லுதாரு, நான் நம்ம ஊர் பேர போட்டுக்கிடுதேன். அம்பை மூணு வருசத்துக்கு ஒரு தடவ ஒரு வருசம் அப்படியே ஸ்டேச்சு ஆகிரும். கல்லிடைக்குறிச்சி நாலு வருசத்துக்கு ஒரு தடவ, வீரவநல்லூர் அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ. அம்பைக்காரனுக்கு தான் நின்னது தெரியாது, ஆனா அவன் ஆத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கல்லிடைய பாத்துட்டே இருக்கான், ஒரு இமைப்புல அங்க அஸ்திவாரம் போட்டுட்டு இருந்த வீட்டுல பால் காய்ச்சி குடியே வந்துட்டாங்க, வாடகை பாக்கி சண்டயும் நடக்கு! கல்லிடைக்காரன் பாலத்துல வந்து சொல்லுதான், ஏய் நீங்க ஒரு வருசமா சிலையால்லா நின்னீங்கன்னு. இப்படி மூணு ஊர்க்காரனும் ஒருத்தனுக்கொருத்தன் சாட்சி. கணக்கு எழுதி வச்சுப் பாத்தா ஒரு தடவ கூட தப்பல, மூணு நாலு அஞ்சு.

இப்ப அந்தக் கணக்க நீட்டிப் பாருங்க. அம்பையும் கல்லிடையும் 12 வருசத்துக்கு ஒருக்க சேந்து நிக்கும், அத வீரவநல்லூர்க்காரன் பாத்துச் சொல்லுவான். மூணும் சேந்து நிக்கது எப்ப? 60 வருசத்துக்கு ஒருக்க. (நம்ம பிரபவ முதல் அட்சய வரைக்கும் சுத்துத அதே 60! ஷூமேக்கருக்கு அறுபதாம் கல்யாணம் பத்தித் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, எனக்கு வாசிச்சதும் சிரிப்பு வந்துட்டு.) அந்த ஒரு வருசத்துக்குச் சாட்சியே கிடையாது. ஆனா அந்த ஊர்க்காரங்களுக்கு அத நம்ப நல்ல காரணம் இருக்கு. இல்லைன்னு சாதிக்கணும்னா “மூணு வருசத்துக்கு ஒருக்க, ஆனா அறுபதாவது மட்டும் விதிவிலக்கு”ன்னு மூணு ஊருக்கும் மூணு சாக்குச் சொல்லணும். கணக்கு நேரா போகும்போது அத எதுக்குக் கோணலாக்க?

ஆக உங்க மகளுக்குப் பதில்: கண்ணால பாக்க முடியாத நிப்புக்கும் அர்த்தம் இருக்கலாம். தெரியாதுங்கதும் இல்லைங்கதும் ஒண்ணு இல்ல.

ஆனா இங்க ஒண்ணு இடிக்கு, அத உங்கள விட நல்லா வேற யாருக்கும் சொல்லத் தெரியாது. நின்ன வாட்ச் தானா ஓடுமா? யாராவது ஆட்டணும், கீ கொடுக்கணும், செல் மாத்தணும். அம்பை மட்டும் நின்னா வெளிய இருந்து ஏதோ வந்து அத ஓட வச்சுதுன்னு சொல்லலாம். எல்லாமே நின்னு கெடக்கும்போது கீ கொடுக்க கை எங்க இருக்கு? கையும்லா நிக்குது. ஷூமேக்கருக்கும் இது தெரியும், அதுக்கு அவரு சொல்லுத சமாதானம், ஒரு வருசம் போச்சுங்கதே காரணமா இருக்கலாம்லாங்கது. வெறும் காலம் கழிஞ்சதே கீ கொடுத்துச்சு. எனக்கு இது தொண்டையில இறங்கவே இல்ல.

பெறவு அந்தச் சிவகளை நெல்லு ஞாபகம் வந்துட்டு. கார்பன் 14 அணு ஒண்ண எடுத்துக்கிடுங்க. அது அஞ்சாயிரம் வருசம் சும்மா இருக்கும், ஒரு நாள் படக்குன்னு மாறிரும். ஏன் அன்னைக்கு? ஒரு காரணமும் இல்ல. அஞ்சாயிரம் வருசம் இருந்த அணுவுக்கும் நேத்து உண்டான அணுவுக்கும் உள்ள எந்த வித்தியாசமும் கிடையாது, அதுக்கு வயசே ஆகல. நாளைக்குள்ள மாறுததுக்கு ரெண்டுக்கும் ஒரே வாய்ப்புதான். ஆக யாரும் ஆட்டாம ஒண்ணு தொடங்கலாங்கது இயற்கையில இருக்கத்தான் செய்யுது, உங்க மேசையில இல்லாட்டாலும். அப்ப நின்ன உலகமும் அப்படிப் படக்குன்னு ஓடத் தொடங்கலாம், கீ வேண்டாம். ஆனா கவனிங்க, அந்த அணு எண்ணிட்டு இருக்கல, அதுக்குக் கணக்கு தெரியாது. அது மாதிரி தொடங்குத உலகம் “சரியா ஒரு வருசம்”னு தொடங்காது. ஷூமேக்கரோட அழகே அந்த ஒரு வருசக் கணக்குலதான் இருக்கு, கீ இல்லாம தொடங்கலாம்னு விட்டா கணக்கு போயிருது, கணக்கு வேணும்னா எங்கயோ ஏதோ எண்ணிட்டு இருக்கணும், அப்ப எல்லாம் நிக்கல. இதுக்கு மேல எனக்கு ஓடல, உண்மையச் சொன்னா.

இனி ரெண்டாவது கேள்வி, நீங்க கடைசி வரியில கேட்டது, காலமே நிக்குமா. இது வேற. இதுவரைக்கும் நாம பேசினது பொருள் நிக்கதப் பத்தி. பொருளெல்லாம் நின்னு கெடக்கும்போதும் காலம் ஒரு வருசம் ஓடுச்சுன்னுதான் ஷூமேக்கரே சொல்லுதாரு. காலம் நின்னுச்சுன்னு வைங்க. எவ்வளவு நேரம் நின்னுச்சு? ஒரு மணி நேரம்னா அந்த ஒரு மணி நேரம் எதுல ஓடுச்சு? எவ்வளவு நேரமும் இல்லன்னா அது நிக்கவே இல்ல, போன நொடியும் இந்த நொடியும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் வழி அடச்சுட்டு. அதனால நான் சொல்லுதது, காலம் ஒரேயடியா முடிஞ்சு போலாம், அதுல எனக்கு முரண் தெரியல. ஆனா நின்னுட்டு மறுபடி ஓட அதால முடியாது. பஸ் நிக்கலாம், ரோடு எங்க போயி நிக்க?

நிக்கதுங்கதே வினைச்சொல்லுலா, அதுக்குக் காலம் காட்டாம பேச முடியுமா? நம்ம இலக்கணக்காரங்களும் இதுல முட்டிப் பாத்திருக்காங்க. மூணு காலத்துக்கும் ஒரே மாதிரி இருக்க பொருள நிகழ்காலத்துல சொல்லுன்னு நன்னூல் வழி காட்டுது, மலை நிற்கின்றதுன்னு. ஆயிரம் வருசமா ஆடாம அசையாம நிக்க மலைக்கும் ஒரு காலத்த ஒட்ட வச்சுத்தான் சொல்ல முடியுது பாத்துக்கிடுங்க. தொல்காப்பியத்துக்கு உரை எழுதின சேனாவரையர், காலமே இல்லன்னு சொல்லுதவங்க, நிகழ்காலம் ஒண்ணுதான்னு சொல்லுதவங்க, மூணும் உண்டுன்னு சொல்லுதவங்கன்னு கட்சி பிரிச்சுப் போட்டுருக்காரு. வினையியலுக்கு உரை எழுதும்போது! இதெல்லாம் ஸ்கூல்ல யாரும் சொல்லித் தரல, மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க, பண்ணினோம்.

மவன் அனுப்பின வீடியோ பாதி நெசம். தூரத்துல இருந்து பாக்குதவனுக்கு பிளாக் ஹோல்ல விழுத ஆளோட வாட்ச் மெதுவாகி மெதுவாகி விளிம்புல நின்ன மாதிரி தெரியும், ஆளும் மங்கி மறஞ்சுருவான். விழுதவன் கையில கட்டியிருக்க வாட்ச் அவனுக்கு டிக் டிக்னு ஒழுங்காத்தான் ஓடும். ஒரு வாட்ச்ச இன்னொரு வாட்ச்சோட ஒப்பிட்டா வித்தியாசம் வருதுங்கதுதான் ஐன்ஸ்டைன் சொன்னது, ஜிபிஎஸ் சேட்டிலைட் கடிகாரமே நம்ம கடிகாரத்த விட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ செகண்ட் முந்தும், அதத் திருத்தித்தான் உங்க போன்ல வழி காட்டுது. அதுல காலம் நிக்கல. மவன்கிட்ட சொல்லுங்க, அடுத்த தடவ வீடியோவ கடைசி வரைக்கும் பாக்கச் சொல்லுங்க.

ஒரு சொந்த விசயம். எங்க ஆச்சி வீட்டுல இருந்து வந்த பெண்டுலம் கடிகாரம் ஒண்ணு என்கிட்ட கெடக்கு, 4.20ல நிக்குது. எட்டு நாளைக்கு ஒருக்க கீ கொடுக்கது, சாவி தொலஞ்சு போச்சு. வெண்கல சாவி, சதுரத் துவாரம். உங்கப்பா காலத்து டப்பாவுல அந்த அளவுக்கு ஏதும் கெடக்கான்னு பாத்து வைங்க, ஞாயித்துக்கிழம தூக்கிட்டு வாரேன்.